புதுப்பிப்பு: சீசன் முடிந்தும் நிற்கிற வேலை கிடைத்துவிட்டது

லாட்ஜ் வரவேற்பு, சுற்றுலா வண்டி ஓட்டுவது, காய்கறி மண்டிக் கணக்கு என்று மாறி மாறிப் பார்த்தவனுக்கு நீலகிரியில் நிலையான வேலை கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், பச்சை இலை கொள்முதல் பிரிவில் சேர்ந்திருக்கிறேன்.

"பார்த்த வேலையோட பேரை எழுதாதீங்க தம்பி, அங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க" என்று அப்போது பதில் சொன்ன அக்காவுக்குப் பெரிய நன்றி. விண்ணப்பத்தில் அப்படியே எழுதினேன். மேனேஜர் லாட்ஜைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மூட்டை நனைஞ்சு வந்தா எடையில எவ்வளவு கழிப்பீங்க?" என்றுதான் கேட்டார். மண்டியில் கேரட் மூட்டைக்குத் தினமும் செய்த வேலை அது. இங்கே சாக்குக்குள் கையை விட்டுப் பார்க்கிறேன். அமுக்கிக் கட்டிய இலை சூடேறிச் சிவந்துவிடும், தூளின் தரமும் போய்விடும். சிறு விவசாயியின் வருமானமே அந்த எடைச்சீட்டில்தான் இருக்கிறது, அதனால் நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அப்புறம் பி.எஃப். லாட்ஜில் சம்பளத்தில் பிடித்த பணத்தை எடுக்காமல், அதே யுஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். மாதாந்திர ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும். மாற்றினால் பழைய சேவையும் சேரும். என்னைப் போல வேலை மாறியவர்கள் தயவுசெய்து அவசரத்துக்கு எடுத்துவிடாதீர்கள்.

இதே மாதிரி வேலை கிடைக்குமா என்று கூடலூரிலிருந்து கேட்ட தம்பிக்கு: மழைக்குப் பிறகு இலை வரத்து கூடும்போது நேரில் போய்க் கேளுங்கள்.