இல்லுமினேஷன்: "ஒளியூட்டல்" வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஐரோப்பியச் சுவடிகளைப் பொன்னாலும் வண்ணத்தாலும் அணிசெய்யும் இல்லுமினேஷன் கலைக்குத் தமிழில் "ஒளியூட்டல்" என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதைப் படித்ததும் கோயில் திருவிழா சீரியல் பல்புதான் கண்ணில் நிற்கிறது.

என் மகள் கலிபோர்னியாவில் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசத்தில் (1966இல் பெர்க்லியில் தொடங்கிய அமைப்பு, இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையை வேஷம் கட்டி வாழ்ந்து பார்க்கிறவர்கள்) விருது ஏடுகள் எழுதுகிறாள். போன தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் எழுத்து முழுவதையும் முடித்துவிடுகிறாள். அப்புறம் பொன் வரவேண்டிய இடத்தில் சுண்ணமும் பசையும் துளி தேனும் குழைத்து மேடாக வைத்து, அது காய்ந்ததும் மேலே மெல்ல வாயால் ஊதி, அந்த மூச்சின் ஈரம் ஆறுவதற்குள் தங்க ரேக்கை வைத்து வழவழப்பான அகேட் கல்லால் தேய்க்கிறாள். புழுக்கமாக இருக்கிறதே என்று ஃபேனைப் போடப் போனேன், ஒரு முறை முறைத்தாள் பாருங்கள். வண்ணம் கடைசியில்தான், முன்னாலேயே தீட்டினால் அதிலுள்ள கோந்தில் ரேக்கு போய் ஒட்டிக்கொள்ளுமாம். தஞ்சாவூர்ப் படத்துக்கு மக்கு (மேடாக்கும் சுண்ணப் பசை) வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

ஆகவே பொன்னின் பளபளப்பு சொல்லில் இருந்தே ஆகவேண்டும். "பொற்பூச்சு" பாதி வேலையைத்தான் சொல்கிறது, ஓரத்துக் கொடியும் பூவும் குட்டிப் படங்களும் அதில் அடங்காது.

என் பரிந்துரை "மிளிர்". இல்லுமினேஷன் மிளிரோவியம், அப்படி அணிசெய்த சுவடி மிளிரேடு, செய்பவர் மிளிரோவியர். மிளிர்தலுக்கு ஒளிசெய்தல் மட்டுமல்ல, புரளுதல் என்றும் அகராதியில் பொருள் உண்டு. ஏட்டைக் கையில் எடுத்துக் கொஞ்சம் சாய்க்கும்போதுதானே அந்தப் பொன் பளிச்சென்கிறது!

அந்த அமைப்பில் விருதோடு தரும் ஏட்டை ஸ்க்ரோல் என்கிறார்கள், அதற்குச் "சுருள்" சரிப்படாது. பெயர்தான் அப்படி, கொடுப்பது பெரும்பாலும் சட்டம் போட்டு மாட்டுகிற ஒற்றைத் தாள். "விருதுப் பட்டயம்" போதும். அங்கே தரும் விருதுகளில் ஒன்றான அவார்ட் ஆஃப் ஆர்ம்ஸை யாரோ "ஆயுத விருது" ஆக்கியிருக்கிறார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அது தனக்கென ஒரு மரபுச் சின்னம் (கோட் ஆஃப் ஆர்ம்ஸ்) தரிக்கும் உரிமை, வாளும் கேடயமும் கையில் கொடுப்பதில்லை.

இன்னும் மாட்டிக்கொண்டிருப்பது பத்தித் தொடக்கத்தில் வரும் அந்தப் பெரிய பொன்னெழுத்து. "மிளிர்தலையெழுத்து" என்று சொல்லிப் பார்த்தேன், ஜோசியர் வீட்டு வாசல் பலகை மாதிரி இருக்கிறது. வேறு யாருக்காவது தோன்றுகிறதா?