பிள்ளைகளிடம் பொறியியலைக் கொண்டுசேர்க்க வந்த நிறுவனங்கள்: நெல்லைச் சீமையில் நாங்கள் கண்டவை

வள்ளியூர் வட்டாரம், அரசு மேல்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை:

எங்கள் பள்ளி மாடியில் நின்றால் மகேந்திரகிரி மலை தெரியும். அங்கேதான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டிய திரவ ஹைட்ரஜனைக் கையாண்டு கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் போனால் கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் மின்சாரம் தந்துகொண்டிருக்கின்றன. சுற்றிலும் காற்றாலைகள். இத்தனைக்கும் நடுவில் வளரும் ஒரு பிள்ளை, ஒரு பொறியாளரிடம் பத்து வார்த்தை பேசாமலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆகவே, நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியோடு பள்ளிக்கு வரும்போதெல்லாம் மனதார வரவேற்றிருக்கிறேன். அப்படி வந்தவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, ஒரு நிறுவனம் கொடுத்த ரோபோட்டிக்ஸ் பெட்டிகள். நல்ல விலையுள்ள பொருள்கள், பயிற்சியாளர் ஒருவர் ஒரு நாள் வந்து செய்துகாட்டினார், விழாவும் நடந்தது. மறுநாள் அந்தப் பெட்டிகள் இருப்புப் பதிவேட்டில் ஏறின. பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தாலும் தொலைந்தாலும் தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர் என்பதால், எந்தப் பள்ளியிலும் அத்தகைய பொருள் பிள்ளைகளின் கைக்கு வருவதைவிடப் பீரோவுக்குப் போவதுதான் எளிது. ஒரு சென்சார் பழுதானால் யாரிடம் கேட்பது என்று பெட்டியில் எழுதியிருந்த எண்ணுக்கு அழைத்தபோது, திட்டக்காலம் முடிந்துவிட்டது என்ற பதில்தான் கிடைத்தது. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால், உடையலாம் என்ற அனுமதியும், உடைந்தால் மாற்றித்தர ஓர் ஆளும் இல்லாமல் கொடுக்கப்படும் பெட்டி, பிள்ளைகளுக்குப் பயன்படுவதில்லை.

இரண்டாவது, காற்றாலைப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண் பொறியாளர். நம் ஊர்ப் பேச்சே பேசினார். பையில் அவர் கொண்டுவந்தது ஒரு ஸ்பானரும், கழற்றிப்போட்ட பழைய பேரிங் ஒன்றும்தான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் ஒன்றைக் கேட்டு வாங்கி, வராந்தாவில் தலைகீழாக நிறுத்தினார். பெடலோடு சுற்றும் முன் பற்சக்கரத்தின் பற்களை எண்ணச் சொன்னார், 44. பின்னால் 18. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, பெடலை மெதுவாக, சரியாக ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். அதற்குள் பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றியிருந்தது. "மேலே எங்கள் இறக்கை நிமிடத்துக்குப் பதினைந்து சுற்றுதான் சுற்றும், ஜெனரேட்டருக்கோ ஆயிரத்து ஐந்நூறு சுற்று வேண்டும், நூறு மடங்கு ஆக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், பின் சக்கரத்தோடு இன்னொரு பெரிய பற்சக்கரத்தை மாட்டி, அதிலிருந்து மறுபடியும் ஒரு சங்கிலி போடலாமே என்றான். "அதைத்தான் தம்பி கியர்பாக்ஸுக்குள் மூன்று கட்டமாகச் செய்திருக்கிறோம்" என்று அவர் சொன்னபோது அந்தப் பையனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. "காத்து ரொம்ப அடிச்சா எறக்கை ஒடஞ்சிராதாக்கா?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். காற்று நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் இறக்கைகள் தாமாகவே திரும்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்டிவிடும் என்றும், எந்திரம் நின்றுவிடும் என்றும் தன் உள்ளங்கையைத் திருப்பிக்காட்டி அவர் விளக்கினார். அடுத்த பருவத்திலும் அவர் வந்தார், அதற்கடுத்தும் வந்தார். பிள்ளைகளைக் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு அழைத்துச்செல்லப் பேருந்துச் செலவை அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது. செலவுக் கணக்கில் பார்த்தால் முதல் நிறுவனத்தின் பெட்டிகளுக்கு முன் இது மிகச் சிறிய தொகை.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் செய்து பார்த்துக் கற்பதற்கென்றே இருக்கிறது. நிறுவனங்கள் தனியாக ஒரு பெயர் சூட்டிப் புதுத் திட்டம் தொடங்காமல், அந்த வகுப்புக்கு மாதம் ஒரு பொறியாளரை அனுப்பினாலே போதும் என்பது என் கருத்து.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை, உற்பத்திப் பிரிவுப் பொறியாளர்:

டீச்சர் எழுதியதற்கு, நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவன் என்ற முறையில் ஒரு காரணத்தைச் சொல்ல விரும்புகிறேன். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடியை எட்டிய நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ரோபோட்டிக்ஸ் பெட்டிக்குப் பில் இருக்கிறது. அது கணக்கில் ஏறும். ஆனால் ஊழியர்கள் பள்ளியில் செலவிடும் நேரத்துக்கு விலைபோட்டு அந்த 2 சதவீதத்தில் காட்ட, அமைச்சகத்தின் விளக்கம் இடம் தருவதில்லை. ஆகவே அந்தப் பெண் பொறியாளரை அனுப்பிய நிறுவனம், சட்டம் கேட்காத ஒன்றைத் தானாக விரும்பிச் செய்திருக்கிறது. அதற்கு மேலதிகாரி ஒருவர் உள்ளே நின்று வாதாடியிருப்பார். அந்த வாதத்தை நானும் எங்கள் அலுவலகத்தில் நடத்தியிருக்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்தது தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டும் அனுமதி. காலணியோடு வர வேண்டும் என்ற பாதுகாப்பு விதி ஒன்றே பாதிப் பிள்ளைகளைத் தடுத்திருக்கும்; நிறுவனமே அளவெடுத்து வாங்கித் தந்தது. பிள்ளைகளை மிகவும் ஈர்த்தது எந்திரங்கள் அல்ல, அவற்றின் முன் நின்றவர்கள்தாம். இதே சிப்காட்டில் ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்குச் சூரிய மின்கலங்களைத் தயாரிக்கும் திறனுள்ள டாடா பவரின் தொழிற்சாலையில் பணியாற்றுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று நான் சொன்னபோது நம்பாமல் பார்த்த மாணவிகள், எங்கள் தரச் சோதனைப் பிரிவில் மானூர்ப் பெண் ஒருவர் அளவுக்கருவியோடு நிற்பதைக் கண்டதும் அவரைச் சூழ்ந்துகொண்டு, என்ன படித்தீர்கள், எந்தக் கல்லூரி, வீட்டில் விட்டார்களா என்று கேட்டுத் தீர்த்துவிட்டார்கள். நான் தயாரித்து வைத்திருந்த விளக்கப்படங்களை அன்று திறக்கவே இல்லை.

முக்கூடல், பொறியியல் முதலாண்டு மாணவியின் தந்தை:

என் மனைவி பீடி சுற்றுகிறாள். நான் அரிசி ஆலையில் வேலை செய்கிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது; படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

நிறுவனங்களைப் பற்றி நான் சொல்ல வருவது காலத்தைப் பற்றியது. அவள் பள்ளிக்குப் பொறியியல் பற்றிப் பேச வந்த நிறுவனம் மார்ச் மாதம் வந்தது. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட வேண்டிய அவசரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையின் காதில் அப்போது எதுவும் ஏறாது. எங்களுக்கு ஆள் தேவைப்பட்டது கலந்தாய்வு நேரத்தில். எந்தெந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும், கல்லூரிகளை எந்த வரிசையில் பதிவுசெய்ய வேண்டும் என்று கேட்க எங்கள் உறவில் யாரும் இல்லை. கிடைக்காது என்று நினைத்து, அவள் உண்மையில் விரும்பிய அரசுப் பொறியியல் கல்லூரியை ஏழாவதாகப் போட்டிருந்தாள். பக்கத்து ஊரைச் சேர்ந்த, நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளதைக் கணினி பார்க்கவே பார்க்காது, விருப்பம் எதுவோ அதுவே முதலில் இருக்க வேண்டும் என்று சொல்லி மாற்றவைத்தார். அந்த இடமே கிடைத்தது.

அந்தத் தம்பி தனியாக, விடுமுறை நாளில், தன் செலவில் செய்த வேலை அது. தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை ஊர் நூலகத்தில் இரண்டு பொறியாளர்களை மாலைதோறும் உட்காரவைக்க எந்த நிறுவனமாவது முன்வந்தால், வீடு வீடாகச் சொல்லிப் பிள்ளைகளை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.