சாஃப்ரன் வால்டனில் பூத்தது குங்குமப்பூவா?

மூலனூரான்:
வைகைக்கரை அவர்கள் சென்ற வாரம் இங்கே எழுதிய பயணக் குறிப்பைப் படித்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை. லண்டனிலிருந்து இலையுதிர்காலத்தில் ஒரு நாள் போய்வர எசெக்ஸின் சாஃப்ரன் வால்டனைப் போன்ற சந்தை ஊர் வேறில்லை என்று அவர் சொல்வதை நானும் ஏற்கிறேன். ஆனால் செப்டம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமையன்று ஊரின் ஓரத்தில் ஒரு வேலியடியில் குங்குமப்பூ கூட்டமாகப் பூத்திருந்ததாகவும், இரண்டைப் பறித்துப் பாலில் போட நினைத்துத் தம் மனைவி தடுத்ததால் விட்டுவிட்டதாகவும், அடுத்து அங்கே போகிறவர்கள் பறித்துப் பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். அவர் இட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை ஒன்றுகூட இல்லாமல் வெறும் மண்ணிலிருந்து எழும்பிய இளம் ஊதாப் பூ. நடுவே ஆறு மகரந்தத்தாள்கள். குங்குமப்பூவுக்கு மூன்றுதான் உண்டு. படத்தில் இருப்பது கொல்ச்சிகம் என்ற நச்சுச் செடி. அந்த வரியை உடனே நீக்க வேண்டும்.

வைகைக்கரை:
மூலனூரார் மீண்டும் எனக்குப் பாடம் நடத்த வந்திருக்கிறார். அந்தப் பூவுக்கு அருகில் களை பறித்துக்கொண்டிருந்த உள்ளூர் மூதாட்டியிடம் நானே பெயரைக் கேட்டேன். "இலையுதிர்காலக் குரோக்கஸ்" என்றார். குங்குமப்பூவும் குரோக்கஸ் இனந்தான், அதுவும் இலையுதிர்காலத்தில்தான் பூக்கும், சாஃப்ரன் என்று ஊரின் பெயரிலேயே குங்குமப்பூ இருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அந்த ஊருக்கு நான் ஐந்து முறை சென்றிருக்கிறேன். தாங்கள் எண்ணிய ஆறு என்பது இதழ்களாக இருக்கும்; கைப்பேசித் திரையில் தாவரவியல் படிப்பதால் வரும் குழப்பம் இது.

மூலனூரான்:
இதழ்கள் இரண்டு பூவுக்குமே ஆறுதான். நான் எண்ணியது இதழ்களை அல்ல. எனக்கு ஏன் அந்த ஆறு உடனே கண்ணில் பட்டது என்று சொல்கிறேன். நான் பிறந்த மூலனூர்ப் பகுதியில் கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள், பணப்பயிர். விடிந்ததும் பந்தலுக்குள் புகுந்து ஒவ்வொரு பூவாகப் பிடித்து, தாளில் இருக்கும் தூளைச் சூலகமுடியில் தொட்டுவைப்பதுதான் பள்ளிக்கூடம் போகும் முன் எனக்கிருந்த வேலை. செங்காந்தளுக்கு ஆறு தாள்கள். அதன் விதையை விலைகொடுத்து வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவது கொல்ச்சிசின் என்ற மருந்துச் சரக்குக்காக. அந்தப் பெயர் வந்ததே நீங்கள் படமெடுத்த கொல்ச்சிகத்திலிருந்துதான்; இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். அளந்து கொடுத்தால் மூட்டு வீக்கத்துக்கு மருந்து, அளவு மீறினால் உயிர் போகும். உண்டவுடன் ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், பாலில் காய்ச்சினாலும் நஞ்சு போகாது. எங்கள் ஊரில் அந்தக் கிழங்கைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்க எந்தத் தாயும் விடமாட்டாள். தங்கள் மனைவியார் தடுத்தது நல்லதாயிற்று.

அந்த மூதாட்டி பொய் சொல்லவில்லை. ஆங்கிலேயர் கொல்ச்சிகத்தையும் அந்தப் பெயரால் அழைப்பார்கள். பெயரைக் கேட்டது போதாது, ஆறா மூன்றா என்று எண்ணியிருக்க வேண்டும்.

நல்லூரான்:
நீங்கள் இருவரும் பூவை எண்ணிக்கொண்டிருங்கள். எனக்கு அந்தக் குறிப்பில் பொறுக்க முடியாதது வேறு. ஊரின் பெரிய தேவாலயம் "குங்குமப்பூக் காசில் எழுந்தது" என்று வைகைக்கரை எழுதியிருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டுகள் அதைத் திருத்திக் கட்டினார்கள். கிழக்கு இங்கிலாந்தில் அக்காலத்துப் பெரிய தேவாலயங்களுக்குப் பணம் கொடுத்தவை கம்பளியும் துணி வணிகமும். ஊர் அப்போது சிப்பிங் வால்டன். சிப்பிங் என்றாலே சந்தை. அருகிலுள்ள நியூபோர்ட்டில் கூடிய சந்தையை எசெக்ஸ் பிரபு ஜெஃப்ரி டி மாண்டெவில் 1141இல் இங்கே மாற்றியதால் வளர்ந்த ஊர் அது. குங்குமப்பூவின் பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ஆட்டையும் நெசவாளரையும் மறந்துவிட்டுப் பூவை மட்டும் பாடுவது வரலாறு ஆகாது.

மேலும், மூலனூரார் செங்காந்தள் என்று சொல்வது எங்களுக்குக் கார்த்திகைப்பூ. கண்வலிக் கிழங்கு என்ற பெயரை அந்த அழகிய பூவுக்கு வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ.

மூலனூரான்:
பெயரை வைத்தவர்கள் மண்ணில் கிழங்கைத் தோண்டியவர்கள், ஐயா. அவர்களுக்கு அழகை விடக் கிழங்கின் குணம் முக்கியமாகப் பட்டது. கம்பளியைப் பற்றித் தாங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே வளைவுகளின் ஓரத்தில் குரோக்கஸ் பூவைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்தவர்கள் தங்கள் தொழிலைத்தானே செதுக்கச் சொல்வார்கள்?

அந்த ஊரின் குங்குமப்பூத் தொழிலைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அருகிலுள்ள ராட்வின்டர் ஊரின் பாதிரியாரான வில்லியம் ஹாரிசன். ஒரு காலத்தில் விளைச்சல் எவ்வளவு மிகுந்தது என்றால், பூவை ஆய்ந்து தருபவர்களுக்குப் பாதிப் பூவையே கூலியாகக் கொடுத்தார்களாம். இதைப் படித்தபோது எங்கள் ஊர் விதை வியாபாரம் அப்படியே கண்முன் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தச் சாகுபடி அங்கே அநேகமாக மறைந்துவிட்டது. ஊரின் பெயரில் பூ இருப்பதால் வேலியோரத்தில் தானாக முளைக்கும் என்று எண்ணுவது தவறு. குங்குமப்பூச் செடி விதையே வைக்காது; கிழங்கை மனிதர் கை பிரித்து நட்டால்தான் அடுத்த தலைமுறை உண்டு. கவனிப்பாரில்லாத வேலியோரத்தில் கூட்டமாகப் பெருகி நிற்பது எந்தப் பூ என்று வைகைக்கரை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். ஆறு தாள்கள்.

கொத்தமல்லி:
இதற்குள் நுழைய வேண்டாம் என்றுதான் இருந்தேன். இல்ஃபர்டில் என் வீட்டுப் பின்கட்டில், ஒரு தொட்டியில் ஆகஸ்ட் மாதம் இருபது குங்குமப்பூக் கிழங்குகள் நட்டேன். இன்று காலையில்தான் முதல் பூ விரிந்தது. புல் போன்ற மெல்லிய பச்சை இலைகள் கூடவே வந்திருக்கின்றன. வெயில் ஏறினால் வாடிவிடும் என்பதால் எட்டு மணிக்கே கிள்ளி எடுத்துச் சமையல் மேசையில் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் நிறத் தாள்கள் மூன்று. அவற்றைத் தாண்டி, செங்கல் சிவப்பில் மூன்று நீண்ட இழைகள் இதழுக்கு வெளியே நாக்கு நீட்டியது போல் தொங்குகின்றன. நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த இழைகளைத்தான். ஒரு கிராம் சேர்க்கவே ஏறக்குறைய நூற்றைம்பது பூக்கள் வேண்டும் என்பதால் என் இருபது கிழங்கும் ஒரு சிட்டிகைக்குத்தான் வரும். வைகைக்கரை அண்ணன் படத்தில் அந்தச் சிவப்பு இழையை நான் காணவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த ஊரில் ஆறு வயதுப் பிள்ளையோடு ஒரு நாளைக் கழிக்க வேறு என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

வைகைக்கரை:
தங்கை கேட்டதால் சொல்கிறேன். ஊர்ப் பொதுத்திடலில் புல்தரையில் வெட்டிய புதிர்வழி இருக்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் புல்தரைப் புதிர்வழிகளில் அதுவே மிகப் பெரியது. பாதை ஏறத்தாழ ஒரு மைல். குழந்தை ஓடிக் களைத்துவிடும். செவ்வாயும் சனியும் சந்தை. சர்ச் தெருவில் பழைய சன் சத்திரத்தின் சுவரில் சுண்ணச் சாந்தில் வடித்த உருவங்களைக் காட்டுங்கள். அங்கிருந்து மேற்கே நடந்தால் ஆட்லி எண்ட் மாளிகை. அதன் சுவர் சூழ்ந்த காய்கறித் தோட்டத்தில் பல பழைய ஆப்பிள் வகைகளை வளர்க்கிறார்கள்; இந்தப் பருவத்தில் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

மூலனூரார் என்னை மறுப்பது இது முதல் முறையன்று. ஆட்லி எண்ட் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு நடந்தே போகலாம் என்று சென்ற ஆண்டு எழுதியபோதும் இவரே மறுத்தார். அப்போது தூரம், இப்போது தாள். எனக்கு இவர் நோக்கம் புரிகிறது. படம் எடுத்தபோது பூவின்மேல் என் நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலில் மூன்று ஆறாகத் தெரிந்திருக்கும்.

மூலனூரான்:
நிலையம் இருப்பது வெண்டன்ஸ் ஆம்போ கிராமத்தில். ஊருக்கு இரண்டு மைல். குழந்தையையும் முதியவரையும் அழைத்து வருபவர்களிடம் "நடந்தே போகலாம்" என்று சொல்லக் கூடாது என்றேன். ஊருக்குள் வந்துகொண்டிருந்த கிளை ரயில்பாதையை 1964இல் மூடிவிட்டார்கள். இப்போது பேருந்துதான் வழி. அதை மறுபடியும் சொல்வதற்கு நான் தயங்கவில்லை.

புதிர்வழி என்று எழுதியதிலும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் வழி தவறவே முடியாது. ஒரே பாதை, முட்டுச்சந்து கிடையாது, நடந்துகொண்டே இருந்தால் நடுமேட்டில் கொண்டுபோய் விடும். 1699இல் அதைத் திருத்தி வெட்டியதற்குப் பதிவு இருக்கிறது. நடுவில் நின்ற மரம் 1823ஆம் ஆண்டு நவம்பர் ஐந்தாம் நாள் தீமூட்டிக் கொண்டாடும் கை ஃபாக்ஸ் இரவில் எரிந்துபோனது. பாதையில் பதித்த செங்கல் 1911இல் போட்டது. கொத்தமல்லி அம்மா, புல் ஈரமாக இருந்தால் அந்தச் செங்கல் வழுக்கும், பிள்ளைக்கு நல்ல செருப்பு போட்டு அழைத்துச் செல்லுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிய பிறகு நவம்பர் தொடக்கத்தில் நான்கரைக்குள் பொழுது அடைந்துவிடும். மாளிகையை முதலில் பார்ப்பது நல்லது.

நிழல் விழுந்தால் பூ கறுக்கும், தாள் பெருகாது. ஆறுதான்.

நல்லூரான்:
செதுக்கல் இருப்பதால் பணம் கொடுத்தவர் குங்குமப்பூ வணிகர் என்று எப்படிச் சொல்ல முடியும்? தேவாலயங்களில் திராட்சைக் கொடியும்தான் செதுக்குகிறார்கள். எசெக்ஸில் எல்லோரும் திராட்சை விற்றார்களா? மூலனூரார் பூ விஷயத்தில் அவ்வளவு கறாராக எண்ணுபவர், கம்பளி விஷயத்தில் மட்டும் "பாதியை ஏற்கிறேன்" என்று நழுவுகிறார். முழுதாக ஏற்கிறாரா இல்லையா?

மூலனூரான்:
இல்லை. கம்பளி, குங்குமப்பூ இரண்டின் பணமும் அந்தச் சுவரில் இருக்கிறது என்பதே என் எண்ணம். திராட்சை கிறித்துவ வழிபாட்டுக்குரிய சின்னம். எல்லாத் தேவாலயத்திலும் இருக்கும். குரோக்கஸ் அப்படியன்று. அந்த ஊருக்கு அது சொந்தமான பூ என்பதாலேயே அங்கே இருக்கிறது.

வைகைக்கரை:
இதோ, இவரே சொல்லிவிட்டார், அந்த ஊருக்குச் சொந்தமான பூ என்று! அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன். என் குறிப்பில் நான் எதையும் நீக்கப் போவதில்லை. வேண்டுமானால் "மூலனூரார் வேறு விதமாகக் கருதுகிறார்" என்று கீழே ஒரு வரி சேர்க்கிறேன். வரும் சனிக்கிழமை நான் மறுபடியும் போகிறேன்.

மூலனூரான்:
கருத்து வேறுபாடாக எழுத இது கவிதை விமர்சனம் அன்று. உங்கள் குறிப்பை இதுவரை படித்தவர்களில் ஒருவராவது அடுத்த செப்டம்பரில் அந்த வேலியடிக்குப் போய்க் குனிவார். அவர் வீட்டில் பால் காய்ச்சுகிறவர் தடுக்காமலும் இருக்கலாம். சனிக்கிழமை போனால் பூ வதங்கியிருக்கும், இலையும் இருக்காது. கொல்ச்சிகத்துக்கு இலை வசந்தகாலத்தில்தான் வரும். அப்போதும் பழைய படம் இருக்கிறது. ஓரங்களை வெட்டாத மூலப் படத்தை இங்கே இடுங்கள். ஆறு தாள்களையும் ஒவ்வொன்றாக வட்டமிட்டுக் காட்டுகிறேன்.

வைகைக்கரை:
மூலப் படம் பழைய கைப்பேசியில் இருக்கிறது. தேடிப் பார்க்கிறேன். மூன்றுதான்.

கொத்தமல்லி:
இரண்டாவது பூவும் விரிந்துவிட்டது. சனிக்கிழமை அந்தப் பேருந்து எத்தனை மணிக்கு என்று யாருக்காவது தெரியுமா?