ஓஸ்தியாவில் மித்ராஸ் கோயில்கள்: எதை வைத்து அடையாளம் சொல்கிறார்கள்?

வழிப்போக்கன்:
அடுத்த மாதம் ரோம் போகிறேன், ஒரு முழு நாளை ஓஸ்தியா ஆன்டிகாவுக்கு ஒதுக்கிவிட்டேன். அந்தப் பழைய துறைமுக நகரத்தில் மட்டும் ரோமானியர் காலத்தில் வழிபட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில்கள் 15க்கு மேல் தோண்டி எடுத்திருக்கிறார்களாம். ஆனால் அந்த வழிபாட்டுக்காரர்களின் வேதநூல் என்று எதுவும் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, கூரைகூட இல்லாத ஒரு செங்கல் அறையைப் பார்த்து இது மித்ராஸ் கோயில்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அப்புறம், இவர் ரிக் வேதத்தில் வரும் மித்திரன்தானா?

பழங்காசு:
திண்ணைகளைப் பாருங்கள், நண்பரே. நீளமான ஒடுங்கிய அறை, இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி ஓடும் திண்ணை, நடுவில் நடைவழி, கடைசியில் பலிபீடமோ மித்ராஸ் காளையைக் குத்தும் சிற்பமோ இருக்கும். அந்தத் திண்ணைகளில் சாய்ந்துகொண்டுதான் கூட்டாக விருந்து சாப்பிட்டார்கள். மற்ற ரோமானியக் கோயில்களில் பலி வெளியே, வெட்டவெளியில் நடக்கும்; இங்கே எல்லாமே உள்ளே, குகை மாதிரி இருட்டான அறையில்.

அவசியம் பார்க்க வேண்டியது ஃபெலிசிசிமுஸ் கோயிலின் தரை. கறுப்பு வெள்ளைச் சிறுகற்களால் ஓர் ஏணி பதித்து, அதன் ஏழு கட்டங்களில், இந்த வழிபாட்டில் சேர்ந்தவர்களுக்கு இருந்த ஏழு படிநிலைகளின் சின்னங்களை வைத்திருக்கிறார்கள். வாசல் பக்கத்தில் காகம், அதற்கு ஒரு கிண்ணமும் புதனின் பாம்புக் கோலும். நான்காவது சிங்கம், அதற்கு நெருப்புக் கரண்டி. ஆறாவதுக்குக் கதிர்முடி, தீவட்டி, சாட்டை. ஏழாவது தந்தை, அவருக்குக் கூம்புத் தொப்பி, அரிவாள், கோல். கி.பி. 400ஐ ஒட்டி ஜெரோம் என்ற கிறித்தவத் துறவி ஒரு கடிதத்தில் இதே படிநிலைகளைப் பட்டியலிடுகிறார். எதிரணியில் இருந்தவர் எழுதியதும் இந்தத் தரையும் ஒத்துப்போவதுதான் எனக்கு எப்போதும் சிலிர்ப்பாக இருக்கும். ஏணி முடியும் இடத்தில், ஃபெலிசிசிமுஸ் நேர்த்திக்கடனாகச் செய்தது என்று லத்தீனில் பதித்திருக்கிறது. அந்த மனிதரைப் பற்றி அங்கே நமக்குக் கிடைப்பது அந்த ஒரு வரிதான்.

மித்திரன் விஷயம்: பெயரில் உறவு உண்டு. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மேற்காசியாவின் மித்தானி அரசு செய்த உடன்படிக்கையிலேயே மித்திரன், வருணன், இந்திரன் மூவரும் சாட்சித் தெய்வங்களாக வருகிறார்கள். ஆனால் ரோமானிய வழிபாட்டின் தடயங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் கிடைக்கத் தொடங்குகின்றன, காளையைக் கொல்லும் அந்தக் காட்சி, அதே பெயர்த் தெய்வத்தை வணங்கிய ஈரானில்கூடக் கிடைத்ததே இல்லை. அதனால் பெயரை மட்டும் வைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

மணல்மேடு:
மித்ராஸ் குளியல்கூடத்துக்கும் போங்கள். படி இறங்கி நிலத்தடியில் உள்ள மித்ராஸ் கோயிலுக்குப் போனதும், மேலே உள்ள திறப்பு வழியாக விழும் வெளிச்சத்தில் சிலை நிற்கும். மித்ராஸ் காளையின் மேல் முழங்காலை ஊன்றியிருக்கிறார், ஆனால் முகம் காளையைப் பார்க்காமல் மேலே திரும்பியிருக்கிறது. நான் கால்மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அங்கே இருப்பது நகல்தான், கிரிதோன் என்ற ஏதென்ஸ் சிற்பி பெயர் பொறித்த மூலம் அதே வளாகத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வழிப்போக்கன்:
ரொம்ப நன்றி, இருவருக்கும். எல்லாக் கோயிலும் திறந்திருக்குமா?

மணல்மேடு:
இல்லை. நான் போனபோது சிலவற்றைக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். டிக்கெட் வாங்கும்போதே எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். ரோமில் போர்த்தா சான் பாவ்லோ நிலையத்தில் ரயில் ஏறினால் அரைமணி நேரம்தான்.