திரைக்குப் பின்னால் விழுந்த 20: பகடையை மாற்றிச் சொல்லலாமா?

இருபதுமுகன்:

புதியவர்கள் நான்கு பேருக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஒரு தொடராட்டத்தைக் கேம் மாஸ்டராக, அதாவது கதையையும் எதிரிகளையும் கையாளும் நடுவராக, நடத்தி வருகிறேன். முதல் அமர்வின் முதல் சண்டையில் புதருக்குள் பதுங்கியிருந்த கோப்ளின் என்னும் குட்டிப் பூதங்கள் நான்கில் ஒன்று அம்பு எய்தது. அதற்காக, ஆடுபவர்கள் பார்க்காதபடி என் முன் நிற்கும் அட்டைத் திரைக்குப் பின்னால் நான் உருட்டிய இருபதுமுகப் பகடையில் 20 விழுந்தது. இலக்கு, 8 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) மட்டுமே உள்ள முதல் நிலை மந்திரவாதி. அந்தப் பாத்திரத்தை ஆடியவரோ இப்படியோர் ஆட்டத்துக்கு வாழ்க்கையில் முதன்முறையாக வந்து உட்கார்ந்தவர். 20 விழுந்தால் கிரிட்டிகல், அதாவது சேதப் பகடை இரட்டிப்பு என்பதால் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டினேன்; 5, 4 விழுந்தன. கூடுதல் 2 சேர்த்தால் 11. ஆனால் நான் வாய் திறந்து சொன்னது, "அம்பு தோளை உரசிக்கொண்டு போகிறது, 3 பாயிண்ட் சேதம்" என்பதுதான்.

மூன்று அமர்வுகள் ஆகிவிட்டன. அந்த அம்பைப் பற்றி அவர் இன்னமும் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மரத்தின் பின்னால் ஒதுங்கி நின்றதால்தான் தன் மந்திரவாதி தப்பினான் என்பது அவருடைய நம்பிக்கை. மரத்துக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் பொய் சொன்னதால் அவன் தப்பினான். அவர் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் குனிந்து குறிப்பேட்டைப் புரட்டுகிறேன்.

இனி எல்லாப் பகடைகளையும் எல்லோரும் பார்க்கும்படி மேசையின் நடுவில் உருட்டுவது என்று நினைத்திருக்கிறேன். விழுந்த எண்ணைக் கேம் மாஸ்டர் மாற்றிச் சொல்வது, சிறுவயதில் நாம் அழுகுணி ஆட்டம் என்று சொன்னதிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது என்று விளங்கியவர்கள் சொல்லுங்கள்.

திரைக்குப்பின்:

அழுகுணி ஆட்டம் ஆடுபவர் தான் வெல்வதற்காக விதியை வளைக்கிறார். நீங்கள் எதை வென்றீர்கள்? உங்கள் கையிலிருந்த கோப்ளின் தோற்றது, எதிரில் இருந்தவருடைய பாத்திரம் பிழைத்தது. இதில் குற்ற உணர்வு கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை, நண்பரே.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நான்கு கோப்ளின்கள் மூன்று சுற்றுகள் எய்தால் 12 உருட்டல்கள். அவற்றில் குறைந்தது ஒரு 20 விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 46 சதவீதம்; நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சற்றே குறைவு. எந்தத் தவறும் செய்யாத, எந்த விதியும் இன்னும் சரியாகப் பிடிபடாத ஒருவரை, வந்த அன்றே ஓரமாக உட்காரவைத்து மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கச் சொல்லும் நேர்மையால் யாருக்கு என்ன லாபம்? இதற்கு விதிநூல்களே இடம் கொடுத்திருக்கின்றன. 1979இல் வந்த டஞ்சன் மாஸ்டருக்கான (இந்த ஆட்டத்தில் கேம் மாஸ்டரின் பெயர்) கையேட்டில், ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், பகடையை மீறும் உரிமை ஆட்டத்தை நடத்துபவருக்கு உண்டு என்று எழுதியிருக்கிறார். 2014ஆம் ஆண்டுக் கையேடும், திரைக்குப் பின்னால் உருட்டினால் வேண்டியபோது முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. திரை என்ற பொருளே அதற்காகத்தான் மேசையில் நிற்கிறது.

அட்டைப்பெட்டி:

போர்டு கேம் மேசையிலிருந்து எட்டிப் பார்ப்பவன் நான். எங்கள் பக்கம் இப்படி ஒரு கேள்வியே எழாது. விழுந்த எண்ணை ஒருவர் மாற்றிச் சொன்னால், அது யாருக்குச் சாதகமாக இருந்தாலும் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

அதற்காக எங்கள் ஆட்டங்களில் எல்லாமே குருட்டு அதிர்ஷ்டம் என்று எண்ணிவிட வேண்டாம். குளூம்ஹேவன் என்ற போர்டு கேமில் தாக்குதலுக்குப் பகடையே கிடையாது. ஒவ்வொருவருக்கும், தாக்குதலின் பலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் 20 அட்டைகள் கொண்ட கட்டு உண்டு. அதில் +0 ஆறு, +1 ஐந்து, -1 ஐந்து, +2 ஒன்று, -2 ஒன்று. மீதி இரண்டில் ஒன்று தாக்குதலை அடியோடு வீணாக்கும், மற்றொன்று இரட்டிப்பாக்கும். வீணாக்கும் அட்டை ஒருமுறை வந்துவிட்டால், சுற்று முடிந்து கட்டு கலைக்கப்படும்வரை பெரும்பாலும் அது மறுபடி தலைகாட்டாது. பகடைக்கு ஞாபகம் கிடையாது, கட்டுக்கு உண்டு. அதிர்ஷ்டத்தின் பற்களை வடிவமைப்பாளர் பெட்டியை மூடுவதற்கு முன்பே ராவிவிட்டார், அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி. இருபதுமுகப் பகடையின் கொடூரம் பிடிக்கவில்லையென்றால் குறை விதியில் இருக்கிறது. விதியை மாற்றுங்கள், அல்லது வேறு விதி உள்ள ஆட்டத்தை எடுங்கள். விதியை அப்படியே வைத்துக்கொண்டு விளைவை மட்டும் திருடுவது எனக்கு ஒப்பவில்லை.

திரைக்குப்பின்:

ஒப்பீடு பொருந்தவில்லை. குளூம்ஹேவன் மேசையில் நடுவர் என்று யாரும் இல்லை. பகைவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அட்டைகளே சொல்லிவிடுகின்றன. எங்கள் மேசையில் ஒரு மனிதர் உட்கார்ந்து எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார். பாதையில் நான்கு கோப்ளின்களா, ஆறா என்பது அவர் முடிவு. கோப்ளினுக்கு 7 ஹிட் பாயிண்ட் என்று 2014 விதிநூலில் அச்சிட்டிருப்பது இரண்டு ஆறுமுகப் பகடைகளின் சராசரிதான். ஒன்றுக்கு 4, இன்னொன்றுக்கு 10 என்று வைத்துக்கொண்டால் யாரும் கேட்க முடியாது. கடைசிக் கோப்ளின் ஓடிப்போகிறதா, நின்று சண்டையிடுகிறதா என்பதும் அவர் வாயிலிருந்து வருவதுதான். இத்தனையையும் மறைவில் முடிவு செய்ய உரிமை உள்ளவர், பகடை காட்டிய ஓர் எண்ணை மட்டும் தொடக்கூடாது என்பது, சமையல் முழுவதையும் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு உப்பு டப்பாவுக்கு மட்டும் பூட்டுப் போடுவது போலிருக்கிறது.

இருபதுமுகன்:

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வேறுபாடு காலத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கோப்ளின் நான்கா ஆறா என்பதை நான் தீர்மானிக்கும்போது மேசையில் யாரும் எந்தப் பந்தயமும் கட்டியிருக்கவில்லை. பகடையைக் கையில் எடுத்த நொடியில், "இது என் முடிவில் இல்லை, வாருங்கள், எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லாமல் சொல்கிறேன். பதில் பிடித்திருந்தால் மட்டும் ஏற்பேன் என்றால் நான் பகடையைக் கேட்டிருக்கவே கூடாது. அந்த அம்பை உருட்டாமலேயே தோளில் உரசவிட்டிருந்தால் இந்த உறுத்தல் எனக்கு வந்திருக்காது.

கைகாக்ஸைத் துணைக்கு அழைத்தீர்கள். அவர் அதே இடத்தில் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் பிழை ஏதுமின்றி ஒரு பாத்திரம் சாக நேர்ந்தால், சாவுக்குப் பதிலாக மயங்கி விழுந்தது என்றோ, ஒரு கண்ணோ ஒரு கையோ போய்விட்டது என்றோ தீர்ப்பளிக்கலாம் என்கிறார். அதில் அடி விழுகிறது, விளைவுதான் மாறுகிறது, ஆடுபவரும் அதை அறிகிறார். நான் செய்தது அதுவன்று. விழுந்த அடியையே சிறிதாக்கிச் சொன்னேன்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஐந்தாம் பதிப்பில் 8 ஹிட் பாயிண்ட் உள்ளவர் 11 சேதம் வாங்கினால் சாவதில்லை, மயங்கி விழுகிறார். அதன்பின் ஒவ்வொரு முறையும் இருபதுமுகப் பகடையை உருட்டி, 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி, எது முதலில் மூன்றாகிறதோ அதுவே முடிவு. யாரும் உதவிக்கு வராவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம். விதியே இவ்வளவு இரக்கம் வைத்திருக்க, அதைப் பயன்படுத்தக்கூட விடாமல் நான் அவசரப்பட்டு இரக்கம் காட்டினேன்.

மூன்றாம்நாற்காலி:

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் நெடுநாள் ஆடிய ஒரு தொடராட்டத்தில் எங்கள் கேம் மாஸ்டர் எண்ணை மாற்றுகிறார் என்பதை நான் கண்டுபிடித்தது ஒரே ஒரு பழக்கத்தால். பகடை உருண்டு நிற்கும்; அவர் அதைப் பார்ப்பார்; சேதம் எவ்வளவு என்று சொல்வதற்கு முன், "உங்களிடம் எத்தனை ஹிட் பாயிண்ட் மிச்சம்?" என்று கேட்பார். நான் 9 என்றால் சேதம் 7 ஆக இருக்கும். 14 என்றால் 12.

அதைக் கவனித்த பிறகு நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, சண்டையும் போடவில்லை. ஆனால் குணமாக்கும் மருந்துக் குப்பிகளைக் குடிப்பதை நிறுத்திவிட்டேன். பின்வாங்குவதை நிறுத்திவிட்டேன். கதவைத் திறப்பதற்கு முன் காது வைத்துக் கேட்பதையும் விட்டுவிட்டேன். எதற்காகச் செய்ய வேண்டும்? மற்ற மூவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திட்டம் தீட்டிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் அவர்களுக்காக நடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காப்பாற்றியதாகவே இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார்.

திரைக்குப்பின்:

இது எனக்குச் சுருக்கென்றது. ஹிட் பாயிண்டைக் கேட்டுவிட்டுச் சேதம் சொல்லும் பழக்கம் எனக்கும் உண்டு.

ஆனாலும் அது கை பழகாததால் வந்த குறை, முறையின் குறை என்று ஏற்க மாட்டேன். ஒவ்வொரு அடியையும் மாற்றினால் யாருக்கும் தெரிந்துவிடும். ஒரு முழுத் தொடராட்டத்தில் ஒன்றிரண்டு முறை, அதுவும் புதியவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

நேர்மையாகப் பேசும் இழை என்பதால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் எதிர்த்திசையிலும் மாற்றியிருக்கிறேன். பல வாரங்களாக நான் செதுக்கி வைத்திருந்த முதன்மை எதிரியை, முதல் சுற்றிலேயே ஒருவர் ஒரே மந்திரத்தால் கல்லாகச் சமைந்து நிற்கச் செய்யப் பார்த்தார். மந்திரத்தைத் தாங்குவானா என்று பார்க்கும் எதிரியின் தடுப்பு உருட்டலில் 3 விழுந்தது, அதாவது தோல்வி. "தாங்கிக்கொண்டான்" என்று சொல்லிவிட்டேன். சண்டை அதன்பின் ஒரு மணி நேரம் அருமையாக நடந்தது. மந்திரத்தைப் போட்டவர் மட்டும் கடைசிவரை அதிகம் பேசவில்லை.

மூன்றாம்நாற்காலி:

அவர் ஏன் பேசவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அட்டைப்பெட்டி:

அந்த எதிரிக்கு விதியிலேயே வழி இருக்கிறதே. ஐந்தாம் பதிப்பில் பெரிய எதிரிகள் சிலருக்கு, தடுப்பு உருட்டல் தோற்றாலும் வென்றதாக எடுத்துக்கொள்ளும் சலுகை நாளைக்கு மூன்று முறை உண்டு. அதை உங்கள் எதிரிக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு, "தோற்றான், ஆனால் ஒரு சலுகையைச் செலவழித்து உதறிவிட்டான், இன்னும் இரண்டுதான் மிச்சம்" என்று சொல்லியிருந்தால், மந்திரத்தைப் போட்டவர் தான் எதையோ பிடுங்கினோம் என்ற நிறைவோடு அடுத்த மந்திரத்தைத் தேடியிருப்பார். எண் அதேதான், 3. கிடைத்த முடிவும் அதேதான்.

திரையை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்பவனும் இல்லை நான். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு கதை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் சில சோதனைகளைக் கேம் மாஸ்டர்தான் ஆடுபவருக்காக மறைவில் உருட்ட வேண்டும் என்று விதியே சொல்கிறது. அறையில் ஒளிந்திருப்பவரைத் தேடும்போது உங்கள் பகடையில் 2 விழுந்ததை நீங்களே பார்த்துவிட்டால், "யாரும் இல்லை" என்ற பதிலை நம்ப முடியாதல்லவா? அங்கே மறைப்பது எண்ணை. மாற்றுவதற்காக அன்று. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற கதை ஆட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், நடத்துபவர் கையிலிருந்து பகடையையே வாங்கிவிட்டது. ஆடுபவர்கள் மட்டுமே இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுகிறார்கள். 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை ஏதாவது ஒரு விலையோடு வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே போனால் கதை அவர்களைக் கடிக்கிறது. மாற்றிச் சொல்ல நடத்துபவரிடம் எண்ணே கிடையாது.

இருபதுமுகன்:

நேற்று அமர்வு தொடங்கும் முன் அவரிடம் சொல்லிவிட்டேன். மற்ற மூவருக்கும் முன்னால்தான் சொன்னேன். 20 விழுந்தது, 11 சேதம், நான் 3 என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து தன் இருபதுமுகப் பகடையை எடுத்து, "அப்படியானால் அந்த உருட்டல்கள் எனக்குப் பாக்கி இருக்கின்றன" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. முதலில் 15. அடுத்து 8, பின்னர் 12. இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. மற்றவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து மேசை மேல் குனிந்துவிட்டார்கள். நான்காவது 3. ஐந்தாவதை உருட்டும் முன் பகடையை இரண்டு கையாலும் மூடி வைத்திருந்தார். விட்டபோது அது திரையின் அடியில் மோதித் திரும்பி 4இல் நின்றது. மந்திரவாதி மூன்று அமர்வுகளுக்கு முன்பே செத்துவிட்டான்.

திரைக்குப்பின்:

அவர் எடுத்துக்கொண்ட விதம் அழகு, அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று அமர்வுகள் ஆடிப் பழகிய பிறகுதான் அவருக்கு அந்தத் துணிவு வந்தது. முதல் நாளே அந்த 4 விழுந்திருந்தால் அவர் இரண்டாவது அமர்வுக்கு வந்திருப்பாரா என்பதை நீங்கள் இப்போது நிரூபிக்க முடியாது, நானும் முடியாது. நான் திரையை வைத்துக்கொள்கிறேன். தொடராட்டம் தொடங்கும் அன்றே, "தேவைப்பட்டால் எப்போதாவது எண்ணை மாற்றுவேன், வேண்டாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்று கேட்டுவிடுவதாக மட்டும் முடிவு செய்திருக்கிறேன். எதிரிகளுக்குச் சாதகமாக மாற்றுவதை விட்டுவிட்டேன்.

அட்டைப்பெட்டி:

ஒரு திருத்தம். உங்கள் குழுவில் கிளெரிக் (குணமாக்கும் மந்திரம் தெரிந்த பூசாரிப் பாத்திரம்) உண்டா? உண்டென்றால் அந்த ஐந்து உருட்டல்களும் தொடர்ச்சியாக நடந்திருக்க வாய்ப்பே இல்லை. ஒவ்வோர் உருட்டலுக்கும் இடையில் ஒரு முழுச் சுற்று இருக்கிறது. முதல் 8 விழுந்தவுடனேயே கிளெரிக் தன் முறையில் ஒரு குணமாக்கும் மந்திரம் போட்டு எழுப்பியிருப்பார். சாவு செல்லாது.

இருபதுமுகன்:

இதே வாதத்தைத்தான் எங்கள் கிளெரிக் நேற்றிரவு பதினொன்றரை வரை முன்வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றில் அவர் வேறு ஒரு கோப்ளினைத் துரத்திக்கொண்டு அறுபது அடி தள்ளிப் போயிருந்தார் என்பது என் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தக் குறிப்பேட்டை நம்பலாமா என்று மந்திரவாதி கேட்டார்.