'எந்திரன்' படத்துச் சிட்டி மாதிரி ரோபோ செய்ய நினைப்பவர்களுக்கு: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ரோபோ செய்பவர்கள் ஊருக்கு ஒருவராகச் சொல்லும் அனுபவங்கள்

கடலூர் முதுநகர்:
பள்ளிக் கண்காட்சிக்கு ரோபோ செய்ய உட்காரும் பிள்ளைகளின் முதல் ஆசை, சிட்டி மாதிரி அது நடக்க வேண்டும் என்பதுதான். ஆசையைக் கெடுக்காமல் சக்கரத்தில் தொடங்க வையுங்கள். 1986-இல் நடக்கும் கால்களில் ஆராய்ச்சியைத் தொடங்கிய ஹோண்டாவே 2000-இல்தான் அசிமோ என்ற நடக்கும் ரோபோவை வெளியே காட்டியது. சினிமாவில்கூட, 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஆர்டூ-டீடூ என்ற ரோபோவுக்குள் பல காட்சிகளில் கென்னி பேக்கர் என்ற நடிகர் இருந்தார். மூன்று காலில் உருண்டு போவதற்கு ரிமோட்டில் ஓடும் தனி பொம்மை வைத்திருந்தார்கள்.

கை மட்டும் அசையட்டும். 15 செ.மீ. கையின் நுனியில் 200 கிராம் தூக்க 3 கிலோ-செ.மீ. திருப்புவிசை வேண்டும், கையின் எடை தனி. எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) 1.8 தான் தரும். எம்ஜி996ஆர் போடுங்கள், ஆனால் அட்டையில் போட்டிருக்கும் 9.4-இல் பாதிக்கு மேல் நம்பாதீர்கள். அது மோட்டார் சிக்கி நிற்கும்போது வரும் அளவு.

வில்லியனூர்:
முதுநகர் அண்ணே சொன்ன எம்ஜி996ஆர் சர்வோவை, ரோபோவை இயக்கும் ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட் பின்னில் கொடுத்தால், கை தூக்கும் நொடியில் போர்டு ரீசெட் ஆகும். சிக்கிக்கொண்டால் அந்த சர்வோ 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தொடராக இணைத்த இரண்டு 18650 லித்தியம் செல்லிலிருந்து, வோல்டேஜைக் குறைக்கும் எல்எம்2596 மாட்யூல் வழியாக 5 வோல்ட் தனியாக எடுங்கள். சர்வோ பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. ஆர்டுயினோ, சர்வோ இரண்டு பக்கத்துக் கிரவுண்டையும் (மைனஸ் வயர்) கட்டாயம் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்கும். பலரும் புரோகிராமில் தப்பு தேடி நேரத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான்.

சக்கர மோட்டார்களை நான்கு ரீசார்ஜ் செல் (4.8 வோல்ட்) வைத்து எல்298என் மோட்டார் டிரைவரில் ஓட்டினால் வண்டி நகரத் திணறும், டிரைவரே 2 வோல்ட்டோ அதற்கு மேலோ தின்றுவிடும். டிபி6612 டிரைவர் போட்டால் இழப்பு குறைவு.

தேவனாம்பட்டினம்:
நம்ம ஊருக்கே உரிய தொல்லை உப்புக் காற்று. ஜம்பர் வயர் முனையிலும் பேட்டரி ஹோல்டர் ஸ்பிரிங்கிலும் பச்சைக் களிம்பு பூக்கும். அறிகுறி பேட்டரி தீர்ந்தது போலவே இருக்கும் என்பதால் எல்லாரும் செல்லை மாற்றுகிறார்கள். மோட்டார் ஓடும்போதே மல்டிமீட்டரில் பேட்டரி முனையிலும் டிரைவர் முனையிலும் அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் இணைப்பில்தான் கோளாறு. சுத்தம் செய்ய ஐசோபுரோபைல் ஆல்கஹால், பென்சில் அழிப்பான் இரண்டும் போதும். உப்புத்தாள் வேண்டாம், முலாம் உரிந்து சீக்கிரம் மறுபடி பூக்கும். நிரந்தர இணைப்புகளை ஈயம் பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள். போர்டுக்கு அக்ரிலிக் பூச்சு அடிக்கும்போது கனெக்டர்களையும் அல்ட்ராசோனிக் சென்சாரின் இரண்டு கண்களையும் டேப்பால் மூடிவிடுங்கள்.

கடற்கரையில் ஓட்டுவதானால் திறந்த கியருக்கு எண்ணெய் விடக் கூடாது, மணல் ஒட்டிப் பல்லைத் தேய்க்கும்.

நெல்லிக்குப்பம்:
கோடு பார்த்து ஓடும் வண்டிக்கு ஒன்று. ஜன்னலோர வெயிலில் அகச்சிவப்புச் சென்சார் குழம்பும். அதைச் சுற்றிக் கறுப்பு சார்ட் அட்டையில் பாவாடை கட்டி, கண்காட்சி நடக்கும் அறையிலேயே சென்சாரின் திருகாணியைச் சரிசெய்யுங்கள் தம்பிகளா. பளபளக்கும் கறுப்பு டேப்பும் ஆகாது, ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும்.