கி.மு. 44 மார்ச் 15: ஒரு ஆண்டுக்கணக்கு சரியானால் இன்னொன்று கெடுகிறது

கேள்வி:
சீசர் கொல்லப்பட்ட நாளுக்கு எக்செல் அட்டவணை போடுகிறேன். ஆண்டை −44 என்று கொடுத்தால் ரோம் (அந்நகரம் நிறுவப்பட்டது முதல் எண்ணும் ஆண்டு) 709, ஒலிம்பியாட் (கிரேக்கர்களின் நாலாண்டுச் சுற்று) 183இன் 4ஆம் ஆண்டு, கலியுக ஆண்டு 3057. ரோம் 710 என்றுதான் வரவேண்டும். −43 ஆக்கினால் அது சரியாகிறது, ஆனால் ஒலிம்பியாட் 184இன் முதல் ஆண்டுக்குத் தாவுகிறது. செலூக்கிய ஆண்டும் (அலெக்சாந்தருக்குப் பின் மேற்காசியாவை ஆண்ட செலூக்கியரின் கணக்கு) ஓரிடத்தில் 267, ஓரிடத்தில் 268. எங்கே பிசகு?

பதில் 1:
−43தான் சரி. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழியம் ஆண்டு கிடையாது. அதனால் கணக்கில் கி.மு. 1 = 0, கி.மு. 44 = −43. ரோம்: 753 − 43 = 710.

ஒலிம்பியாட் முன்பு சரியாக வந்தது தற்செயல். இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துவிட்டது. அந்த ஆண்டு நடுக்கோடையில்தான் பிறக்கும். 775 − 43 = 732; மார்ச் என்பதால் 1 கழித்து 731. நாலால் வகுக்க ஈவு 182, மீதி 3. இரண்டிலும் 1 கூட்டுங்கள்: 183, 4. பழைய −44ஐ வைத்து அதே ஆண்டு ஆகஸ்டைப் போட்டுப் பாருங்கள், தப்பு வெளியே வந்துவிடும்.

பதில் 2:
செலூக்கியத்தில் இரண்டு விடையும் சரி. மாசிடோனிய வழக்கில் முதல் ஆண்டு கி.மு. 312 இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது, பாபிலோனில் 311 வசந்தத்தில், ஆண்டின் முதல் மாதமான நிசானில். மார்ச் 15 அன்று நிசான் பிறக்கவில்லை. ஆகவே பாபிலோனில் 267, மாசிடோனியத்தில் 268. தனித்தனி நெடுவரிசை வையுங்கள்.

கேள்வி:
கலிக்கு ஏப்ரல் 14ஐ எல்லையாக வைக்கலாமா? அப்படியானால் 3057.

பதில் 3:
வேண்டாம், அது இன்றைய கிரிகோரியன் தேதி. கலி தொடக்கம் ஜூலியன் கணக்கில் கி.மு. 3102 பிப்ரவரி 18. சித்தாந்தங்கள் (பழைய இந்திய வானியல் நூல்கள்) சொல்லும் நட்சத்திர ஆண்டு ஜூலியன் ஆண்டைவிடச் சற்று நீளம். சுமார் 115 ஆண்டுக்கு ஒரு நாள் நகரும். 3058 ஆண்டில் 26 நாள் போல, அதாவது மார்ச் நடு. உங்கள் தேதி எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. எந்த சித்தாந்தம் என்று முடிவுசெய்து, மேஷ சங்கராந்தி நேரத்தைக் கணித்த பிறகே 3057ஆ 3058ஆ என்று எழுதுங்கள்.

அதற்கு முன் இன்னொன்று. ஜூலியன் நாட்காட்டிக்கு அப்போது இரண்டாவது ஆண்டுதான் நடந்துகொண்டிருந்தது. ரோமப் பூசாரிகள் நாலு ஆண்டுக்கு ஒருமுறை சேர்க்கவேண்டிய நாளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தார்கள். அகஸ்டஸ்தான் பிறகு திருத்தினார். ரோமர் சொன்ன மார்ச் 15, நாம் பின்னோக்கிக் கணிக்கும் மார்ச் 15இலிருந்து ஒரு நாள் விலகியிருக்கலாம். மற்றவற்றை அது தொடாது, கலியைப் புரட்டிவிடும்.